என்ன செய்யுது? கணிப்பொறியும் நோய்க்கணிப்பும்

1

நம்மூர் மருத்துவமனைகளில் நோயாளியிடம் கேட்கப்படும் முதல் கேள்வி 'என்ன செய்யுது?' என்பது. தென்காசி அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவானாலும் சரி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் சாயங்காலம் திறக்கிற கிளினிக்கானாலும் சரி, கேள்வி இதுதான். இந்த வாக்கியத்தில் எழுவாய் கிடையாது. ஏதோ ஒன்று உடம்புக்குள் புகுந்துகொண்டு எதையோ செய்துகொண்டிருக்கிறது, அது செய்வதை நீதான் சொல்ல வேண்டும் என்பது கேள்வியின் உட்கிடை. பதிலும் அதே இலக்கணத்தில் வருகிறது. 'மேலெல்லாம் ஒளையுது', 'நெஞ்சு கரிக்குது', 'கிறுகிறுன்னு வருது'.

மிஷேல் ஃபூக்கோ 1963இல் வெளியான 'மருத்துவமனையின் பிறப்பு' என்னும் நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவத்தில் நிகழ்ந்த முறிவை மருத்துவர் கேட்கும் கேள்வியில் நிகழ்ந்த முறிவாகக் காட்டினார். உனக்கு என்ன என்று கேட்டது போய், எங்கே வலிக்கிறது என்று கேட்பது வந்தது. நோய் உடம்பின் ஓர் இடத்தில் குடியேறியது, அந்த இடத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அதிகாரம் கிடைத்தது. நம்முடைய 'என்ன செய்யுது?' இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கவும், வருகிற பதிலைப் பிரித்தறியவும், சொல்லாமல் விட்டதை ஊகிக்கவும் கற்றுக்கொள்வதைத்தான் நோய்க்கணிப்புத் திறன் என்கிறார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் திறனைக் கணிப்பொறியின் துணைகொண்டு கற்பிக்க முயற்சிகள் நடந்துவருகின்றன. திரையில் ஒரு நோயாளி தோன்றுவார். மாணவர் கேள்வி கேட்பார், பரிசோதனை செய்யச் சொல்வார், ரத்தம் எடுக்கச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் பொறி பதில் தரும். கடைசியில் மாணவர் நோயின் பெயரைச் சொல்ல, அது சரியா, எந்த இடத்தில் வழி தவறினார், தேவையில்லாமல் எதைக் கேட்டார் என்று பொறி எடுத்துச் சொல்லும். ஊடாட்டம் என்று சொல்லப்படுவது இதுதான்.

இதைப் பற்றி நம் சூழலில் இரண்டு விதமான பேச்சே கேட்கிறது. ஒன்று, பொறி வந்துவிட்டது, இனி மருத்துவர் பற்றாக்குறை தீர்ந்தது என்கிற குதூகலம். மற்றொன்று, எந்திரம் மனிதரைக் கொல்லும் என்கிற ஒட்டுமொத்த நிராகரிப்பு. இரண்டுமே பொறி உள்ளபடி என்ன செய்கிறது என்று பார்க்க மறுக்கின்றன. பொறிக்கும் அதே கேள்விதான்: என்ன செய்யுது? இக்கட்டுரை சொல்ல வருவது இது: இந்த ஏற்பாட்டில் ஆசிரியர் பொறி அல்ல, அதற்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கும் கேஸ். அது யார் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது, யார் சொற்களில் எழுதப்பட்டது, சரியான விடை எது என்று யார் முடிவு செய்தார்கள் என்பவை அரசியல் கேள்விகள்.

2

முதலில் ஒரு தோல்வியைப் பார்ப்போம். நிறையச் சொல்லித் தந்த தோல்வி அது.

1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்பவர் 'மைசின்' என்றொரு நிரலை உருவாக்கினார். ரத்தத்திலும் மூளை உறையிலும் ஏற்படும் பாக்டீரியத் தொற்றுகளைக் கணித்து மருந்து பரிந்துரைப்பது அதன் வேலை. 'இப்படியிருந்தால் அப்படிச் செய்' என்ற வடிவிலான சுமார் 450 விதிகள் அதற்குள் இருந்தன. 1979இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், மூளை உறை அழற்சி கண்ட 10 பேரின் விவரங்களுக்கு மைசினும் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்களும் தனித்தனியே மருந்து எழுதினார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் 8 வல்லுநர்கள் அவற்றுக்கு மதிப்பிட்டார்கள். மைசின் எழுதியவற்றில் 65 சதவீதம் ஏற்கத்தக்கவை என்றானது. அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 சதவீதம் வரை. அதாவது, பொறி குருவை மிஞ்சிவிட்டது.

அப்படியானால் அதே பொறியைக் கொண்டு மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிடலாமே? வில்லியம் கிளான்ஸி என்பவர் 1979 வாக்கில் அதைத்தான் செய்து பார்த்தார். மைசினின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் 'கைடன்' என்ற கற்பிக்கும் நிரலைக் கட்டினார். முடிவு எதிர்பாராதது. சரியாக நோய் கணிக்கத் தெரிந்த அந்த விதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. மாணவர் 'ஏன்?' என்று கேட்டால், பொறி இன்னொரு விதியை எடுத்து நீட்டியது. முதலில் எதைக் கேட்பது, ஒரு சந்தேகத்தை எப்போது கைவிடுவது, ஒரு நோய் இந்த அறிகுறியை ஏன் உண்டாக்குகிறது என்பவையெல்லாம் விதியை எழுதியவர்களின் தலையில் இருந்தனவே ஒழிய, விதியில் இல்லை.

கிளான்ஸி 1983இல் எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. நோயாளியின் வயது எட்டுக்குக் குறைவென்றால் டெட்ராசைக்ளின் கொடுக்காதே என்று ஒரு விதி. ஏன் கொடுக்கக் கூடாது? அந்த மருந்து வளர்கிற எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் பல் கறையாகிவிடும். கறைபட்ட பல் விரும்பத்தகாதது. ஆகவே கொடுக்காதே. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி வேதியியல், இரண்டாவது உடலியல். கடைசிக் கண்ணி இரண்டுமில்லை, அது ஒரு சமூக விழுமியம். விதி இந்த மூன்றையும் விழுங்கிவிட்டு, கட்டளையை மட்டும் வெளியே காட்டுகிறது.

கட்டளை மட்டும் தெரிந்தவருக்கு அதை எப்போது மீற வேண்டும் என்று தெரியாது. உயிர் போகிற நிலையில் ஒரு குழந்தை, கையில் அந்த மருந்து மட்டும்தான் இருக்கிறதென்றால் பல்லைப் பார்ப்பதா, உயிரைப் பார்ப்பதா? காரணம் தெரிந்தவருக்குப் பதில் உடனே வந்துவிடும். இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு மலைத்தொடர் அடிவாரத்துக் காய்ச்சல் ஒன்றில் இதே மருந்துக் குடும்பம் மறுபடி வரும்.

3

இரண்டாவது எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து. திடீர் வயிற்றுவலியோடு வருகிறவருக்குக் குடல்வால் அழற்சியா, குடலில் ஓட்டையா, வெறும் வலியா என்று கணிப்பது அறுவை மருத்துவர்களுக்கு அன்றாடச் சிக்கல். டி டொம்பால் என்ற மருத்துவரின் குழு, நிகழ்தகவுக் கணக்கை வைத்து இதற்கொரு நிரல் செய்தது. 1972இல் வெளியான முடிவின்படி, 304 நோயாளிகளில் பொறியின் கணிப்பு 91.8 சதவீதம் சரி. மூத்த மருத்துவரின் கணிப்பு 79.6 சதவீதம்.

சுவாரசியமான விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. இந்த முறையை 8 மருத்துவமனைகளில் 16,737 நோயாளிகளிடம் நடைமுறைப்படுத்தி 1986இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே பொறி மருத்துவரின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவர்களின் முதல் கணிப்பே 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதத்துக்கு முன்னேறியது. எப்படி? பொறிக்கு விவரம் தர வேண்டுமானால் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, நடந்தால் கூடுகிறதா, வாந்தி முதலில் வந்ததா, வலி முதலில் வந்ததா என்று ஒன்றுவிடாமல் கேட்டாக வேண்டும். அதோடு, தான் சொன்ன கணிப்பு கடைசியில் சரியா தப்பா என்று மருத்துவருக்கு மாதாமாதம் தகவல் திரும்பி வந்தது. முன்னேற்றத்தில் பெரும் பங்கு இந்த இரண்டுக்குமே உரியது என்று பின்னால் பலரும் வாதிட்டார்கள். முறையாகக் கேட்பது, கேட்டதன் விளைவைத் தெரிந்துகொள்வது. இரண்டுக்கும் காகிதமும் பேனாவும் போதும், ஆனால் பொறி வந்துதான் அவற்றைக் கட்டாயமாக்கியது.

நம் மருத்துவமனைகளில் இல்லாமல் போனது இந்த இரண்டாவது விஷயம்தான். தென்காசியில் காய்ச்சலுக்குப் பார்த்து 'திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்க' என்று எழுதி அனுப்பிய இளம் மருத்துவருக்கு, அந்த நோயாளிக்கு அங்கே என்னவென்று கண்டுபிடித்தார்கள் என்று தெரியவருகிறதா? பெரும்பாலும் இல்லை. தன் கணிப்பின் முடிவு தெரியாமலே ஆயிரம் பேரைப் பார்ப்பவருக்கு வயது ஏறும், அனுபவம் ஏறும் என்று சொல்ல முடியாது.

லீட்ஸ் நிரலிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் கணக்கு ஒரு முன்கணிப்பிலிருந்து தொடங்குகிறது. வயிற்றுவலியோடு வருகிற நூறு பேரில் எத்தனை பேருக்கு எந்த நோய் இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். இது ஊருக்கு ஊர் வேறுபடும். லீட்ஸ் மக்களின் விவரங்களை வைத்துச் செய்த கணக்கை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது அதன் துல்லியம் குறைந்தது. நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் மட்டுமில்லை, மாதத்துக்கு மாதமே மாறும். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது குற்றாலத்தில் இருப்பவர்கள் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். எந்தெந்த மாவட்டத்துக் கொசுக்கடியையும் தண்ணீரையும் உடம்பில் சுமந்து வந்து அருவியில் நிற்கிறார்களோ தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் அதே மலையடிவாரத்தில் மிஞ்சுவது வயல்காட்டிலும் புதரோரத்திலும் வேலை செய்கிற உள்ளூர்க்காரர்கள். இரண்டு காலத்திலும் 'காய்ச்சல்' என்ற சொல் ஒன்றுதான், அதன் பொருள் ஒன்றல்ல.

எல்ஸ்டீன், ஷுல்மன், ஸ்ப்ராஃப்கா ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து வலுச் சேர்க்கிறது. தேர்ந்த மருத்துவரிடம் எல்லா நோய்க்கும் பொதுவான 'கணிப்புத் திறன்' என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தான் தேடினார்கள். அப்படி ஒன்று தென்படவில்லை. ஒரு கேஸில் அபாரமாகக் கணித்தவர் அடுத்த கேஸில் சறுக்கினார். திறன் என்பது அந்தந்த நோயைப் பற்றிய அறிவோடும், பார்த்த நோயாளிகளின் நினைவோடும் பின்னிக் கிடந்தது. ஆகவே பாஸ்டனில் எழுதிய நூறு கேஸ்களை ஒரு மாணவர் திரையில் முடித்துவிட்டால் தென்காசியில் நோய் கணிக்கத் தயாராகிவிட்டார் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

4

இதை ஒரு கேஸாக எழுதிப் பார்ப்போம். ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றுகிற ஒரு பெண், வயது 38. ஏழு நாளாய்க் காய்ச்சல். தலைவலி தாங்க முடியவில்லை. உடம்பெல்லாம் உளைச்சல். ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஊசி போட்டாயிற்று. கூட வந்திருப்பவர் மாமியார், பேசுவதும் அவர்தான்.

இது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். உண்மையில் கடிப்பது உண்ணியில்லை, புதரில் வாழும் மிகச் சிறிய சிலந்திப்பேன் வகையின் இளம்புழு. கண்ணுக்குத் தெரிவதே அரிது, கடி வலிக்காது. கடித்த இடத்தில் பல நோயாளிகளுக்குக் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். அதைக் கண்டுவிட்டால் கணிப்பு ஏறக்குறைய முடிந்தது. விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். காணத் தவறினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் உயிரைக் கேட்கும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், சந்தேகம் வந்ததுமே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டி.

ஆனால் அந்தப் பொருக்கு இருக்குமிடம் அக்குள், மார்புக்கு அடியில், இடுப்புச் சேலைக் கட்டுக்குள், தொடையிடுக்கு. நோயாளிக்கே அது இருப்பது தெரியாது, ஏனென்றால் வலிப்பதில்லை. 'எங்கே வலிக்கிறது?' என்கிற ஃபூக்கோவின் மருத்துவரது கேள்வி இங்கே தோற்றுப்போகிறது. தேடினால்தான் கிடைக்கும். தேடுவதற்குத் திரைச்சீலை வேண்டும், வெளிச்சம் வேண்டும், ஒரு செவிலியர் கூட நிற்க வேண்டும், அதற்கு மேல் நேரம் வேண்டும்.

திரையில் உள்ள நோயாளிக்கு இதெல்லாம் கிடையாது. 'தோலைப் பரிசோதி' என்ற பொத்தானை அழுத்தினால் அரை நொடியில் படம் வந்து நிற்கும். பாடநூல்கள் அந்தப் பொருக்கைச் சிகரெட்டால் சுட்ட தழும்பு போல என்று வருணிக்கும், படமும் பெரும்பாலும் வெளுத்த தோலில் சிவந்த வளையத்தோடு இருக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. வியர்வை ஈரம் உள்ள இடுக்குகளில் கறுத்த பொருக்கே இல்லாமல் வெளிறிய புண்ணாகக் கிடக்கலாம். ஆகவே பொத்தானை அழுத்திப் பழகிய மாணவர் கற்றது என்ன? தோலைப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றார், அது நல்லதுதான். பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கற்கவில்லை. இந்த நாட்டில் தொடுவதும் ஆடை விலக்கச் சொல்வதும் சாதியையும் பாலையும் தாண்டி நடப்பதில்லை என்பதைக் கற்கவே இல்லை. கணிப்பு தவறுவது அறியாமையால் மட்டுமில்லை, கூச்சத்தாலும் நடக்கிறது. அந்தக் கூச்சத்தின் பேரேட்டை எந்த நிரலும் எழுதவில்லை.

இதே காய்ச்சல் அவளுடைய ஆறு வயது மகனுக்கு வந்தால்? எட்டு வயதுக்குக் கீழே டெட்ராசைக்ளின் கூடாது என்று பழைய விதி சொல்லும். டாக்சிசைக்ளின் அந்தக் குடும்பத்து மருந்து. குறுகிய காலம் கொடுத்தால் டாக்சிசைக்ளின் பல்லைக் கறையாக்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் எந்த வயதிலும் அதைக் குறுகிய காலத்துக்குக் கொடுக்கலாம் என்று வழிகாட்டியை மாற்றியது. குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற மாற்றும் இருக்கிறது. காரணத்தோடு கற்றவருக்கு இந்த மாற்றம் புரியும். விதியாக மட்டும் மனப்பாடம் செய்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

5

தென்காசியிலிருந்து கடையம் போகிற சாலையில் மத்தளம்பாறை இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிப் பகுதிக்கு வந்த பிறகு, மென்பொருள் எழுத மாநகரத்துக்குப் போயாக வேண்டியதில்லை என்பதன் சான்றாக அந்தக் கிராமம் பேசப்பட்டது. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, தோரணமலை. அகத்தியரும் அவர் சீடர் தேரையரும் அங்கே மருத்துவம் கற்பித்தார்கள் என்பது உள்ளூர் மரபு.

தேரையர் பெயர் வந்த கதை தெரிந்ததுதான். அரசனுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்க்கிறார், மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கினால் மூளை சேதமாகும். சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து கையால் சலசலக்கிறான். சத்தம் கேட்டுத் தேரை தண்ணீருக்குள் தாவிவிடுகிறது. இதை வரலாறு என்று யாரும் சொல்ல வேண்டாம். கற்பித்தல் பற்றிய கதையாகப் படித்துப் பார்க்கலாம். குருவும் சீடனும் ஒரே உடம்பை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். குருவிடம் விதி தீர்ந்துபோன இடத்தில், தேரை எதை நாடும் என்கிற காரண அறிவு சீடனுக்குக் கை கொடுக்கிறது. கைடனிடம் இல்லாதது இதுதான்.

ஆனால் மரபைக் கொண்டாடி நிறுத்திக்கொள்ள முடியாது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வைத் தொகுத்த அதே சித்த மருத்துவம் தன் அறிவைப் பரிபாஷையில் எழுதிப் பூட்டியும் வைத்தது. குருவின் வாய் திறந்தால்தான் ஏடு பேசும். யாருக்கு வாய் திறக்கும் என்பதைச் சாதியும் குடும்பமும் ஆண் என்ற தகுதியும் முடிவு செய்தன. நிறுவனங்களின் வணிக ரகசியமாக மூடிக் கிடக்கும் நிரல்களும் ஒரு வகைப் பரிபாஷைதான். விடை தெரியும், விடைக்கு வந்த வழி தெரியாது.

பூட்டைத் திறக்கப் பார்த்த முயற்சி ஒன்றும் தமிழில் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். 1860களில் அதைத் தமிழுக்கு மாற்றினார், பாடநூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைச் செய்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரில் தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். மிஷனுக்கு மதநோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கற்பிக்கும் மொழிக்கும், கற்றவர் யாருக்கு வேலை செய்வார் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் கண்டதையும் மறுக்க வேண்டியதில்லை.

6

சரி, நல்ல கேஸ்களை நாமே எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். போதுமா? போதாது என்று சொல்ல ஓர் இந்திய ஆய்வு இருக்கிறது.

1963இல் ஹோவர்ட் பேரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், பயிற்சி கொடுத்த ஆட்களை நோயாளியாக நடிக்கவைத்து மாணவர்களைச் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். பிற்பாடு இது மருத்துவர்கள் நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு முறையாகவும் ஆனது. பீகாரில் கிராமப்புறத்தில் மருத்துவம் பார்ப்பவர்களிடம், அவர்களில் பெரும்பாலோர் பட்டம் இல்லாதவர்கள், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையைப் பற்றி ஒரு கேஸைச் சொல்லி என்ன தருவீர்கள் என்று கேட்டார்கள். 72 சதவீதத்தினர் உப்புச் சர்க்கரைக் கரைசல் என்றார்கள். அதே ஆட்களிடம், நடிக்கப் பழக்கிய ஒருவர் போய் வீட்டிலிருக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னபோது, கரைசலைத் தந்தவர்கள் 17 சதவீதம் மட்டுமே. 2015இல் வெளியான முடிவு இது. தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம்.

ஊடாட்டக் கணிப்பொறி அளப்பது தெரிந்ததைத்தான். அந்தப் பள்ளத்தில் கிடப்பவை வேறு: ஊசி போட்டால்தான் வைத்தியம் என்கிற எதிர்பார்ப்பு, மருந்து விற்றால்தான் வருமானம் என்கிற நிலை, வாசலில் நிற்கிற வரிசை. வெளிநோயாளர் பிரிவில் ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால், எவ்வளவு நல்ல நிரலில் பயின்றவரும் சேலைக் கட்டுக்குள் இருக்கும் பொருக்கைத் தேடப்போவதில்லை. ஆகவே திறன் பயிற்சி என்ற பெயரில் ஆள் போடாமல் இருப்பதற்கான சாக்காக இந்தப் பொறிகள் வரும்போது, அதைச் சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு. 2019இல் இந்திய மருத்துவக் கல்விக்கு வந்த புதிய பாடத்திட்டம் ஒவ்வொரு கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்றது. கூடத்தில் பழகியதைச் செய்ய வார்டில் இடமும் நேரமும் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

விடையின் அதிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கூகுள் நிரல் 2016இல் பெரிதாகப் பேசப்பட்டது. அது பயின்ற 1,28,175 படங்களில் அமெரிக்க விழிகளோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் விழிகளும் உண்டு. அவற்றுக்கு விடை எழுதியவர்கள் அமெரிக்க உரிமம் பெற்ற 54 கண் மருத்துவர்களும் மூத்த பயிற்சி மருத்துவர்களும். ஒரே படத்தை மூன்று முதல் ஏழு தடவை மதிப்பிடச் செய்தார்கள், ஏனென்றால் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வருவதில்லை. திரையில் 'சரியான விடை' என்று பச்சை விளக்கு எரியும்போது, அதன் பின்னால் இப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்திருக்கிறது என்பது மாணவருக்குத் தெரிவதில்லை. நல்ல கற்பிக்கும் நிரல் கருத்து வேறுபாட்டையும் காட்டும்.

அண்மை ஆண்டுகளில் வந்திருக்கும் மொழிப் பொறிகள் நோயாளியாகவே பேசுகின்றன, தமிழிலும் பேசுகின்றன. பொத்தானைவிட இது மேல். ஆனால் அவற்றின் தமிழ் பெரும்பாலும் பத்திரிகைத் தமிழ். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லும் நோயாளியை நம்மூரில் யார் பார்த்தார்கள்? 'ஒண்ணும் இல்ல, லேசா மேலுக்கு முடியல' என்று தொடங்கி, எழுந்து போகும்போது கதவருகில் நின்று 'இன்னொண்ணு டாக்டர்...' என்று நிஜமான விஷயத்தைச் சொல்பவர்தான் நம் நோயாளி.

7

அப்படியானால் என்ன கேட்பது? கேஸ்கள் இங்கிருந்து வரட்டும் என்று கேட்கலாம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. இங்கிருந்து அனுப்பப்படும் கேஸ்களில் பல, 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குத்தான் போய்ச் சேர்கின்றன. அனுப்பிய மருத்துவரின் முதல் கணிப்பையும் அங்கே கண்ட முடிவையும் பெயர், அடையாளம் நீக்கிச் சேர்த்து வைத்தாலே ஓர் ஆண்டில் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு தொகுப்பு கிடைக்கும். நோயாளியின் சம்மதத்தோடு, பொதுச் சொத்தாக, எந்த நிறுவனமும் பூட்ட முடியாதபடி. கேஸ்களை மருத்துவர் மட்டும் எழுதக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியரும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களும் வாசலில் நின்று கேட்ட பேச்சு அதில் ஏற வேண்டும். விதிக்குப் பக்கத்தில் காரணம் இருக்க வேண்டும். நேரமும் ஒரு பரிசோதனையாகக் கணக்கிடப்பட வேண்டும்: தோலைப் பார்க்க இத்தனை நிமிடம், கடைசிப் பஸ்ஸுக்கு இவ்வளவு நேரம், கையில் இவ்வளவு பணம்.

எழுத்தாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வலிக்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள்! கரிக்கும், குத்தும், பிசையும், உளையும், கடுக்கும், சுருக்கென்கும், விண்விண் என்று தெறிக்கும், இழுக்கும், மரத்துப்போகும். ஒவ்வொன்றும் வேறு உறுப்பை, வேறு நோயைக் காட்டக்கூடும். வட்டாரத்துக்கு வட்டாரம், சாதிக்குச் சாதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் இவை மாறுகின்றன. இதற்கு முறையான அகராதி வேண்டும். மாணவர் ஆங்கிலத்தில் படித்த ஒரே சொல்லுக்குள் இவை அத்தனையும் அடைபட்டுப் போகின்றன, அடைபட்டதில் பாதி கணிப்பு போய்விடுகிறது. வட்டார வழக்கைக் கதையில் கொண்டுவர முப்பது நாற்பது வருஷமாகப் பாடுபட்ட ஓர் இலக்கியச் சூழல், அந்தக் காதை ஒரு முறை வெளிநோயாளர் வரிசைப் பக்கமும் திருப்பலாம். அங்கே பேசுவது யார், யாருக்காக யார் பேசுகிறார்கள், எந்தச் சொல் கேஸ் ஷீட்டில் ஏறாமல் உதிர்கிறது என்று குறித்துத் தந்தால், நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.